தெரியாதவருக்கு ஒரு வரி



மென்பொருள் ஆவணம் என்றாலே கையேடுகளைப் பற்றித்தான் பேசுகிறோம். நான் அதைவிடச் சிறிய ஒன்றைப் பேச வந்தேன்: ஓர் அமைவுத் தெரிவுக்கு அடியில் நாலைந்து வரியில் கிடக்கும் உதவிக் குறிப்பு. கையேட்டை ஓய்வாகப் புரட்டுவோர் உண்டு. உதவிக் குறிப்பை அப்படி யாரும் புரட்டுவதில்லை. வேண்டுமா, வேண்டாமா என்று விளங்காமல் நிற்பவர்தான் அதைத் திறக்கிறார்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் மூலநிரலில் இத்தகைய தெரிவுகள் பத்தாயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவற்றுக்கு ஆம் அல்லது வேண்டாம். பலவற்றுக்கு ‘மாட்யூலாக’, அதாவது தேவைப்படும்போது ஏற்றும் தனித் துண்டாக, என்ற மூன்றாம் விடையும் உண்டு. 1990-களில் இவற்றின் குறிப்புகள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. ஆக்செல் போல்ட் என்பவர் அதைப் பல ஆண்டுகள் பேணிவந்தார். 2002-இல் கோப்பு பிரிக்கப்பட்டது. அதே ஆண்டு ரோமன் ஸிப்பல் எழுதிய கேகான்ஃபிக் என்ற புதிய அமைவு முறை வந்தது. குறிப்பு அந்தந்தத் தெரிவுக்குக் கீழேயே குடியேறியது. நிரலைத் திருத்துபவர் கண்ணில் இனி அது படாமல் போகாது. ஆதாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாக் குறிப்பையும் ஒரே கண் பார்த்த காலம் அதோடு போயிற்று. இன்று ஒரு குறிப்பு வீட்டுக் கணினிக்காரரிடம் பேசுகிறது. அடுத்தது சில்லு எண்ணை மட்டும் முணுமுணுத்துவிட்டு நகர்கிறது. செக்பேட்ச் என்ற சோதனைக் கருவி, குறிப்பு நான்கு வரிக்குக் குறைந்தால் எச்சரிக்கும். கருவியால் வரியைத்தான் எண்ண முடியும்; எழுதியவர் ஒரு வரியை நான்காக இழுத்திருந்தால் அதற்கு என்ன தெரியும்?

நம் இலக்கண ஆசிரியர்கள் நூலின் குற்றங்களுள் ஒன்றாகக் ‘கூறியது கூறல்’ என்பதைச் சொன்னார்கள். பல உதவிக் குறிப்புகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. தெரிவின் பெயர் ‘இன்ன வசதியை இயக்கு’. குறிப்பு, ‘இது இன்ன வசதியை இயக்கும்’. கேட்டவர் கேட்ட இடத்திலேயே நிற்கிறார்.

கெர்னல் குறிப்புகளில் நான் மதிப்பது ஒரு பழைய வழக்கத்தை. பல குறிப்புகள், ‘உறுதியாகத் தெரியாவிட்டால் வேண்டாம் எனச் சொல்லுங்கள்’ என்ற பொருளில் ஒரு வரியோடு முடியும். சில இடங்களில் ‘ஆம்’. எளிய வரிதான், ஆனால் எழுதுவது எளிதல்ல. தெரிவை உருவாக்கியவர், தெரியாதவரின் இடத்தில் நின்று தாமே ஒரு முடிவெடுத்து அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். ‘தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளவும்’ என்று எழுதுபவர் அந்தப் பொறுப்பிலிருந்து நழுவுகிறார். தேவை எதுவென்று தெரிந்திருந்தால் படிப்பவர் குறிப்பைத் திறந்தே இருக்க மாட்டாரே!

இன்னொரு நல்ல உதாரணம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். அதன் அமைவுக் கோப்பில் எஃப்சிங்க் என்றொரு தெரிவு, தரவை வட்டில் உறுதியாக எழுதச்செய்வது. அணைத்தால் வேகம் கூடும் என்று யாரோ சொல்ல, அணைக்கப் போகிறவர் கண்ணில் அதே இடத்தில் ஒரு குறிப்பு படும்: அணைத்தால் மீட்கவே முடியாதபடி தரவு சிதையலாம். பல தெரிவுகளின் பக்கத்தில், மாற்றினால் சர்வரை மறுபடி தொடங்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். அது இல்லாத மென்பொருள்களில், மாற்றியும் ஒன்றும் மாறவில்லையே என்று எத்தனை இரவுகள் விழித்திருக்கிறோம்!

அலகு இன்னொரு தொல்லை. முன்பு நான் பார்த்துக்கொண்ட ஒரு சர்வரில் காத்திருப்பு நேரத்துக்கு 30 என்று எழுதினேன். நான் நினைத்தது விநாடி, மென்பொருள் நினைத்தது மில்லிவிநாடி. மறுநாள் காலை வந்த தொலைபேசி அழைப்புகளை இந்த அவையில் விவரிக்க வேண்டாம். பூச்சியம் என்றால் ‘உடனே’யா, ‘வரம்பே இல்லை’யா என்பதையும் சொல்லாமல் விடுவார்கள்.

தமிழில் எழுதும்போது நமக்கென்றே ஒரு சிக்கல் சேர்கிறது. பொத்தானில் ‘இயக்கு’ என்று எழுதுகிறோம். பயனர் கணினிக்கு இடும் கட்டளை அது. கீழே குறிப்பில் ‘இயக்கவும்’ என்று எழுதினால் கட்டளை பயனர் பக்கம் திரும்பிவிடுகிறது. ‘இயக்கினால் இன்னது நடக்கும்’ என்று நிபந்தனையாக எழுதுவதே என் வழக்கம். ‘இன்ன அட்டை உங்கள் கணினியில் இருந்தால்’ என்று தொடங்குவது நம் மொழிக்கு இயல்பு. அட்டை இல்லாதவர் அந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிடலாம். ‘முடக்கு’ என்பதற்கு எதிரே ‘இல்லை’ என்று ஒரு தெரிவை வைத்துவிட்டால் மட்டும் எந்த வாக்கிய அமைப்பும் காப்பாற்றாது. நான் சொன்னவற்றை மறுப்பவர்களும் இந்த அவையில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவருடையதுதான் இக்கருத்தரங்கின் முதல் கட்டுரை. அவரை மேடைக்கு அழைக்கிறேன். இருபது நிமிடம், அலகு நிமிடம்தான்.