கொட்டகையில் நின்றுபோன டிராக்டர்



அமெரிக்காவின் இண்டியானா, விஸ்கான்சின், ஒஹாயோ மாநிலங்களில் ஊர்ப்புறத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு மரக் கொட்டகை இருக்கும். அப்படிப்பட்ட பல கொட்டகைகளின் மூலையில் தூசி படிந்த குட்டி டிராக்டர் ஒன்று நிற்கும். தாத்தா வாங்கியது, அவருக்குப் பிறகு யாரும் ஓட்டவில்லை. "எஞ்சின் போய்விட்டது" என்று வீட்டில் சொல்வார்கள். அந்தத் தீர்ப்பு எத்தனையோ முறை அவசரத் தீர்ப்பாக இருக்கிறது. ஐம்பது, அறுபது வயதான அந்த எஞ்சினை வீட்டிலேயே, சாதாரண ஸ்பேனர்களை வைத்துக்கொண்டு, மீண்டும் ஓட வைக்க முடியும். தேவைப்படுவது பணத்தைவிடப் பொறுமை. எதை முதலில் பார்ப்பது என்ற தெளிவு.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க நகரங்களைச் சுற்றிப் புறநகர்கள் பெருகின. வீட்டைச் சுற்றி நிலம், நிலம் முழுக்கப் புல். பெரிய பண்ணை டிராக்டர் அங்கே நுழையாது. இண்டியானாவின் சவுத் பெண்ட் ஊரில் எல்மர் பாண்டும் அவர் மகன் செசிலும் 1946இல் தொடங்கிய தொழில்தான் பின்னால் 'வீல் ஹார்ஸ்' என்ற சிவப்பு டிராக்டராக வளர்ந்தது. பண்ணை இயந்திரங்களில் பெயர் வாங்கியிருந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1960இல் மஞ்சள், வெள்ளை நிறத்தில் 'கப் கேடட்' டிராக்டரைக் கொண்டுவந்தது. ஜான் டியர் நிறுவனத்தின் முதல் தோட்ட டிராக்டர் 1963இல் வந்த '110'. இவை வெறும் புல்வெட்டிகள் இல்லை. கனமான இரும்புச் சட்டம், உழவுக் கலப்பையை இழுக்கும் பின் அச்சு, பனியைத் தள்ளும் பலகை மாட்ட வசதி என்று எல்லாமே பண்ணை டிராக்டரின் புத்தியில் செய்தவை. இன்று கடையில் கிடைக்கும் மெல்லிய தகட்டு வண்டிகளோடு இவற்றைச் சேர்த்து எண்ணுவது தவறு.

நிறம் வேறாக இருந்தாலும், மூடியைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே ஒரே குடும்பத்து எஞ்சின்தான். குளியலறைக் குழாய்களால் நம் ஊரிலும் பெயர் தெரிந்த விஸ்கான்சின் மாநிலத்துக் கோலர் நிறுவனம் செய்த 'கே' வரிசை எஞ்சின் அது. ஒரே சிலிண்டர், வார்ப்பிரும்பு உடல், காற்றால் குளிரும் அமைப்பு. முதல் கப் கேடடில் இருந்தது 7 குதிரைத்திறன் கொண்ட கே-161. பிறகு 8, 10, 12, 14, 16 என்று திறன் ஏறியது. வால்வுகள் தலைப்பகுதியில் இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே இருப்பதால், ஹெட் என்பது போல்ட்டைக் கழற்றித் தூக்கிவிடக்கூடிய ஒரு அலுமினிய மூடி, அவ்வளவே. கழற்றினால் பிஸ்டன், வால்வு, சிலிண்டர் சுவர் மூன்றும் கண்ணெதிரே தெரியும். பழுது பார்க்கப் போகும் மனிதரை மனதில் வைத்துச் செய்த எஞ்சின் இது. அதை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

பல வருடம் நின்ற எஞ்சினில் பேட்டரியை மாட்டி உடனே சாவியைத் திருப்புவதுதான் பலர் செய்யும் முதல் காரியம். அது கூடாது. முதலில் எண்ணெய். அளவுக்குச்சியை எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் வாசனை அடித்தால், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தோ கார்புரேட்டரின் ஊசி வால்வு மூடாமலோ பெட்ரோல் உள்ளே இறங்கியிருக்கிறது. நீர்த்துப்போன அந்த எண்ணெயோடு ஓட்டினால் எஞ்சின் அன்றைக்கே உடையலாம்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? கே வரிசையின் ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் எண்ணெய் பம்பு கிடையாது, ஃபில்டரும் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் கரண்டி போன்ற ஒரு நீட்சி இருக்கிறது. கிராங்க் சுற்றும்போது அது எண்ணெயில் முங்கி நாலா பக்கமும் வாரி இறைக்கும். மசகு முழுவதும் அந்த இறைப்பில்தான். ராடு அலுமினியம். இடையில் தனி பேரிங் எதுவும் இல்லாமல் அது நேரடியாகக் கிராங்க் பின்னைப் பற்றிச் சுழல்கிறது. எண்ணெய் மட்டம் கொஞ்சம் இறங்கினாலும், செங்குத்தான சரிவில் வெகுநேரம் ஓட்டினாலும் கரண்டிக்கு எண்ணெய் எட்டாது. நிமிடத்துக்கு 3600 சுற்று ஓடும் எஞ்சினில் ராடு சூடாகி, பின்னோடு கடித்து, உடைந்து, வார்ப்பிரும்பு உடலில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். இந்த எஞ்சின்களின் உண்மையான மரணம் பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. கோலர் கையேடு 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றச் சொல்வது இதனால்தான்.

எண்ணெய் மாற்றியாயிற்று. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் முரட்டுத்தனம் வேண்டாம். பிளக் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்கலாம். சில நேரம் பிஸ்டன் சரியாகவே இருக்கும்; வால்வு தண்டு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். ஹெட்டைத் தூக்கினால் எது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது காற்று வழி. எஞ்சினைச் சுற்றியிருக்கும் தகட்டு உறையைக் கழற்றினால் எலிக்கூடு அகப்படுவது அங்கே வாடிக்கை. உலர்ந்த புல், பஞ்சு, தாள் துண்டு எல்லாம் குளிரூட்டும் செதில்களுக்கு நடுவே அடைத்திருக்கும். அதோடு ஓட்டினால் ஹெட் கோணி, கேஸ்கட் போய்விடும். சுத்தம் செய்தபின் உறையைத் திரும்ப மாட்டாமல் விடுவதும் அதே அளவு தவறு. காற்றைச் செதில்கள் மேல் திருப்பிவிடுவதே அந்த உறைதான்.

இனி ஸ்பார்க். அம்பாசடர் காரையும் பழைய புல்லட்டையும் பிரித்துப் பார்த்த நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இந்த இடம் சொந்த வீடு மாதிரி: காயில், கண்டென்சர், மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்ட். அந்தக் காலத்து வேறு பல சிறு எஞ்சின்களில் பாயிண்ட் ஃப்ளைவீலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். புல்லர் போட்டுச் சக்கரத்தைப் பிடுங்காமல் தொட முடியாது. கே வரிசையில் அது எஞ்சினின் பக்கவாட்டில், ஒரு சிறிய மூடிக்குள் இருக்கிறது. பல வருடம் நின்ற வண்டியில் பாயிண்ட்டின் முகத்தில் மெல்லிய பாசி போல ஒரு படலம் படிந்து, மின்சாரத்தைத் தடுத்துவிடும். நல்ல தாளை நடுவில் செருகி இழுத்தாலே பல சமயம் ஸ்பார்க் திரும்பி வந்துவிடும். பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம். அதைவிடத் துல்லியமாக வைக்க ஃப்ளைவீலிலேயே குறி உண்டு. 'டி' என்பது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். 'எஸ்' என்பது உச்சிக்கு 20 டிகிரி முன்னால் பொறி பறக்க வேண்டிய இடம். 'எஸ்' குறி, அதைப் பார்க்க வைத்திருக்கும் சிறு துளைக்கு நேரே வரும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். ஒரு சோதனை விளக்கு போதும், வேறு கருவி வேண்டியதில்லை.

பெட்ரோல் பக்கம் இன்றைய நிலைமை சற்றுச் சிக்கலானது. அமெரிக்க பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பது வழக்கமாகிவிட்டது. இந்தியாவில் அது 20 சதவீதத்தை எட்டியிருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயை இளக்கும். கார்புரேட்டருக்குள் வெள்ளைப் பொடியாக அரிப்பை விட்டுச்செல்லும். எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய் மாட்டுவதும், மாதக்கணக்கில் நிறுத்தும்போது டாங்கைக் காலி செய்வதும் இப்போது தவிர்க்க முடியாத வேலைகள். இன்னொரு பழுது எல்லோரையும் அலைக்கழிக்கும். வண்டி நன்றாகக் கிளம்பும், இருபது நிமிடம் ஓடும், பிறகு பட்டென்று நிற்கும். சற்று நேரம் கழித்து மறுபடி ஓடும். காயிலை மாற்றுவார்கள், கார்புரேட்டரை மாற்றுவார்கள். கடைசியில் பார்த்தால் டாங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கும். உள்ளே காற்று போகாமல் பெட்ரோல் இறங்க மறுத்திருக்கிறது. மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்த்திருந்தால் செலவே இல்லை.

பலரை ஏமாற்றும் மற்றொன்று கம்ப்ரஷன் சோதனை. கேஜை மாட்டி ஸ்டார்டரை அழுத்தினால் முள் கொஞ்சமே ஏறி நிற்கும். "ரிங் போச்சு" என்று எஞ்சினைப் பிரித்துவிடுவார்கள். இந்த எஞ்சினின் கேம் ஷாஃப்டில், ஸ்டார்ட் செய்வதை எளிதாக்க, குறைந்த வேகத்தில் எக்சாஸ்ட் வால்வைச் சற்றே திறந்து வைக்கும் ஒரு அமைப்பு இருக்கிறது. அதனால் கேஜ் குறைவாகக் காட்டுவது இயல்பு. ஃப்ளைவீலைப் பின்பக்கமாகச் சுழற்றிப் பார்த்தால் அந்த அமைப்பு வேலை செய்யாது. நல்ல எஞ்சின் என்றால் கையைத் திருப்பி உதைக்கும். கையேட்டில் எழுதியிருக்கும் செய்தி இது. தெரியாமல் போனதால் எத்தனை நல்ல எஞ்சின்கள் வீணாகப் பிரிக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கையில் மனம் வலிக்கிறது.

அந்தக் காலத்து கே எஞ்சின் பலவற்றில் ஸ்டார்டரும் டைனமோவும் ஒன்றே. பெல்ட்டில் ஓடும் அந்த ஒரே பொருள் முதலில் எஞ்சினைச் சுற்றிவிடும், எஞ்சின் கிளம்பியதும் பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கும். பெல்ட் தளர்ந்திருந்தால் இரண்டு வேலையும் கெடும். அது சார்ஜ் கொடுக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது கரித்துண்டுகளின் தேய்மானம். சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையோ டைனமோவையோ மாற்றிய பிறகு, ரெகுலேட்டரின் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு கம்பியால் ஒரே நொடி தொட்டு எடுக்க வேண்டும். காந்தத்தின் திசை அப்போதுதான் சரியாக அமையும்.

10 முதல் 16 குதிரைத்திறன் வரையிலான பல எஞ்சின்களில் அதிர்வைக் குறைக்க உள்ளே இரண்டு சமநிலைப் பல்சக்கரங்கள் வைத்திருப்பார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அவற்றின் பேரிங் தேய்ந்து ஒரு சக்கரம் உடைந்தால் எஞ்சின் உடலையே பிளந்துவிடும். அனுபவப்பட்டவர்கள் எஞ்சினைப் பிரிக்க நேரும்போது அவற்றை எடுத்துவிட்டே மூடுகிறார்கள். அதிர்வு சற்றுக் கூடும், எஞ்சின் பிழைக்கும். தயாரிப்பாளர் வைத்ததைத் தொடக்கூடாது என்ற பொதுவான பணிவை இந்த ஓர் இடத்தில் தாராளமாக மீறலாம்.

எஞ்சினுக்குப் பின்னால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குணம். முதல் கப் கேடடுக்குப் பிறகு வந்தவற்றில் எஞ்சினிலிருந்து கியர் பெட்டிக்குப் பெல்ட் கிடையாது, நேரடி ஷாஃப்ட். அதை இணைக்கும் சிறு சுருள் பின்கள் காலப்போக்கில் ஆடி, துளையைப் பெரிதாக்கி, ஒரு நாள் அறுந்துவிடும். எஞ்சின் ஓடும், வண்டி நகராது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பின்தான் காரணம். வீல் ஹார்ஸில் பின்சக்கர ஹப்பின் திருகு தளர்ந்தால், ஹப்பை அச்சோடு பூட்டும் சிறு சாவிக்கட்டை அறுந்து ஹப்பே பாழாகும். பழைய ஜான் டியர் 110இல் வேகத்தை மாற்றும் புல்லி அமைப்பு துருப்பிடித்து அசையாமல் நிற்கும்.

ஆபத்துகளைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்த வண்டிகளில் பலவற்றுக்கு, ஓட்டுநர் இறங்கினால் எஞ்சினை நிறுத்தும் இருக்கை சுவிட்ச் கிடையாது. பிளேடில் கை வைக்கும் முன் பிளக் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக்கூடாது. பழைய பிரேக், கிளட்ச் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காற்றடித்து ஊதக்கூடாது. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

கே வரிசையின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகியும் பிஸ்டன், ரிங், ராடு, கேஸ்கட் எல்லாம் இன்றும் வாங்கக் கிடைக்கின்றன. வாங்கும்முன் உறைமேல் ஒட்டியிருக்கும் எண் பலகையை மட்டும் நம்பக்கூடாது. உறைகள் எஞ்சினுக்கு எஞ்சின் மாற்றப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் அளப்பதே நிச்சயம். 10 குதிரைத்திறன் எஞ்சினில் கிராங்க் பின்னின் விட்டம் புதிதில் 1.5 அங்குலம். தேய்ந்தோ கீறியோ இருந்தால் பட்டறையில் 0.010 அங்குலம் குறைத்துக் கடைந்து, அதற்கேற்ற சிறிய துளை ராடு போடலாம். சிலிண்டரை 0.010, 0.020, 0.030 அங்குலம் என்று படிப்படியாகப் போரிங் செய்யவும் இடம் இருக்கிறது. அப்படிப் புதுப்பித்த எஞ்சினில் முதல் 5 மணி நேர ஓட்டத்திலேயே எண்ணெயை மாற்றி, ஹெட் போல்ட்டுகளின் இறுக்கத்தை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி சரிபார்க்க வேண்டும். உழவுக் கலப்பையை அதற்குப் பிறகு மாட்டலாம்.