பள்ளிவாசல் காணியில் எழுந்த பள்ளிக்கூடம்
(புலமைப்பரிசில் வழங்கும் நிகழ்வில் எமது செயலாளர் ஆற்றிய உரை)





என்னை ஆண்டறிக்கை வாசிக்கத்தான் அழைத்தார்கள். வரவு செலவுக் கணக்கு வாசலில் ஒட்டியிருக்கிறது, போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். நான் நம்முடைய மருதானையின் பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசப்போகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வெள்ளைக்காரர் காலத்தில் ஆங்கிலம் படிக்க வேண்டுமானால் பெரும்பாலும் பாதிரிமாரின் பள்ளிக்கூடங்களுக்குத்தான் போகவேண்டும். பிள்ளையின் ஈமான் போய்விடும் என்று நம் மூத்தவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. அரசாங்க உத்தியோகம், வைத்தியம், சட்டம் எல்லாவற்றிலும் நாம் பின்தங்கினோம்.

இதைப் பார்த்து வருந்தியவர் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்திலெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் சேர்ந்த பள்ளிக்கூடம் வேண்டும் என்று எழுதினார். கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் திறந்தார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் இங்கே வந்த ஒராபி பாஷா அவருக்குத் துணை நின்றார். வாப்பிச்சி மரிக்கார் கைகொடுத்தார். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அவர். திறப்பு விழாவில், "உமக்கு என்ன வேண்டும்?" என்று தேசாதிபதி கேட்டபோது, "வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வையுங்கள், அதுபோதும்" என்றாராம். சிறுவயதில் எங்கள் வாப்பா சொல்லக் கேட்ட கதை இது.

இவர்கள் எல்லோரும் சேர்ந்து 1892ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22இல் அல்மத்ரஸதுஸ் ஸாஹிராவைத் தொடங்கினார்கள். எங்கே? மருதானைப் பள்ளிவாசலின் காணியில். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் இந்த ஊரே ஒரு படிப்பூராக மாறிக்கொண்டிருந்தது. 1895இல் ஆனந்தாக் கல்லூரி புறக்கோட்டையிலிருந்து இங்கே மாறி வந்தது. 1896இல் கத்தோலிக்கர் புனித சூசையப்பர் கல்லூரியைத் திறந்தார்கள். நான்கே ஆண்டுகளுக்குள் மூன்று சமூகத்தாருக்கும் மருதானையில் பள்ளிக்கூடங்கள்!

கட்டடம் எழுந்ததும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள் என்று நினைக்காதீர்கள். 1921இல் டீ. பி. ஜாயா அதிபராக வந்தபோது நூறு மாணவர்கூட இருக்கவில்லை. ஆனந்தாவில் படிப்பித்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் அவர். இருபத்தேழு ஆண்டுகள் இருந்து அதை நாட்டின் பெரிய கல்லூரிகளில் ஒன்றாக்கினார். அவருக்குப் பின் 1948இல் ஏ. எம். ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். அந்தப் பதவியை விட்டுவிட்டு அதிபராக வந்தார். இன்று நம் பிள்ளைகளில் யாராவது அப்படிச் செய்தால் வீட்டில் என்ன சொல்வோம் என்று யோசித்துப் பாருங்கள். பேராசிரியர் சிவத்தம்பியும் அவரிடம் ஸாஹிராவில் படித்தவர்தான். அஸீஸ் அதற்கு முன்பே, 1945இல், முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்து ஏழைப் பிள்ளைகள் படிக்க வழி செய்திருந்தார்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. பம்பலப்பிட்டி முஸ்லிம் மகளிர் கல்லூரி வந்தது 1946இல்தான். வந்த பிறகும் எல்லா வீடுகளிலும் கதவு திறக்கவில்லை. எங்கள் ராத்தா எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டா. என்னைவிடக் கெட்டிக்காரி. நான் கல்லூரிக்குப் போன காலத்தில் என் புத்தகங்களை இரவில் எடுத்து வாசிப்பா. ஏன் நிறுத்தினீர்கள் என்று வாப்பாவிடம் நானும் கேட்கவில்லை. வாப்பா மௌத்தான பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கு வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நமது புலமைப்பரிசிலுக்கு இந்த வருடம் விண்ணப்பங்கள் குறைவு. நம் மஹல்லாவில் சாதாரண தரத்தில் நன்றாகச் சித்தியடைந்த மூன்று பையன்கள் படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டுப் புறக்கோட்டைக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். கடை வேலை ஹலாலான தொழில், அதையும் குறைவாகப் பேசமாட்டேன். ஆனால் விண்ணப்பம் இல்லை என்பதற்காக, மிஞ்சிய பணத்தில் மேல்மாடிக்கு டைல்ஸ் போடலாம் என்று ஒரு பிரேரணை சபைக்கு வருகிறது. செயலாளர் பக்கச் சார்பில்லாமல் இருக்கவேண்டும் என்பார்கள். இந்த விஷயத்தில் என்னால் முடியாது. பள்ளிவாசல் தன் காணியில் பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்த ஊர் இது. பிள்ளைகளின் பணத்தைத் தரைக்குப் போட நான் கையெழுத்து வைக்கமாட்டேன்.

அந்த மூன்று பையன்களின் வாப்பாமார் இரண்டு பேர் இங்கே இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன். உயர்தரம் முடியும் வரை மாதச் செலவுக்கும் சேர்த்துத் தரலாமா என்று சபையில் கேட்கப்போகிறேன். படிவங்கள் இன்னும் என் மேசையில்தான் இருக்கின்றன. அஸருக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். பெண்பிள்ளைகளின் உம்மாமார் நேரில் வரவேண்டியதில்லை, பிள்ளையிடம் கொடுத்தனுப்பினாலும் போதும்.