எதிர்த்து விழுந்த இரண்டு ஓட்டு



போர் போர்க்களத்தில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறோம். வியத்நாமைப் பாருங்கள். 1964 ஆகஸ்ட் 4 இரவு, டோங்கின் வளைகுடாவில் தன் கப்பல்கள் தாக்கப்பட்டதாக அமெரிக்கா சொன்னது. இரண்டு நாள் முன்பு நடந்த மோதல் உண்மை. இந்த இரவுத் தாக்குதலோ நடக்கவே இல்லை! ஆனால் மூன்றே நாளில், படையை ஏவும் அதிகாரத்தை அவர்கள் நாடாளுமன்றம் ஜனாதிபதி ஜான்சனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டது. கீழ்ச்சபையில் 416 பேர் ஆதரவு. எதிர்க்க ஒருவர்கூட இல்லை. செனட்டில் 88 பேர் ஆதரவு. எதிர்த்தவர்கள் வேய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங் இருவர்தான். 1968 தேர்தலில் இருவருமே பதவியிழந்தார்கள். அவர்கள் சொன்னது பலித்தது, அது வேறு விஷயம்.

58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். வியத்நாம் மக்களோ லட்சம் லட்சமாக. 1971 ஜனவரியில் அந்தத் தீர்மானத்தை ரத்துச் செய்தார்கள். போர் நிற்கவில்லை.