வைத்தியர் வீட்டுக் கதவு

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியர்களாக வந்தவர்கள் நால்வர். வைத்தியத்துறை பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டபோது, நால்வரும் தொலைபேசியில் கலந்து பேசியே இவ்வுரையை அமைத்தோம். குரல் ஒருத்தியுடையது, சொல் நால்வருடையது. நோய்களைப் பற்றி இன்று பேசப்போவதில்லை. வைத்தியரின் வீட்டைப் பற்றிப் பேசவே விரும்புகிறோம்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளர்ந்த எங்களுக்கு வைத்தியசாலை என்பது முதலில் ஒரு வீட்டின் முன்னறைதான். ஹோமியோபதி வைத்தியர் வீட்டில் சின்னஞ்சிறு குப்பிகளில் வெள்ளைச் சீனி உருண்டைகள் இருக்கும். அவற்றுக்காகவே காய்ச்சல் வராதா என்று ஏங்கிய நாட்கள் உண்டு. திரைச்சீலைக்கு அப்பால் கறி மணக்கும். வைத்தியரின் பிள்ளைகள் வாய்விட்டுப் பாடம் படிப்பார்கள். கதவைத் திறப்பவர் வைத்தியரின் மனைவி. "எத்தனை நாளாய்க் காய்ச்சல் பிள்ளை?" என்று முதலில் கேட்பவரும் அவரே. ஒரு வைத்தியரின் வாழ்க்கையை அவருடைய குடும்பமும் சேர்ந்தே வாழ்கிறது என்பதை அங்குதான் கண்டோம்.

அந்த வீடுகளில் வைத்தியர் ஆண். கதவைத் திறப்பவர் பெண். பெண்ணே வைத்தியரானால் கதவை யார் திறப்பது? இக்கேள்வி எங்களுக்கு முன்னரே இதே கொழும்பில் ஒருவருக்கு எழுந்தது. அவர்தான் வைத்தியர் மேரி இரத்தினம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1873இல் பிறந்தவர் மேரி ஏர்வின். பெண்கள் வைத்தியம் கற்பது அரிதாயிருந்த காலத்தில் ரொறொன்ரோவில் கற்றுத் தேறினார். யாழ்ப்பாணத்து மிஷன் சேவைக்கென 1896இல் இலங்கைக்குப் புறப்பட்டார். ஆனால் அமெரிக்காவில் உயர்கல்வி கற்ற கனகரத்தினம் என்ற யாழ்ப்பாணத் தமிழரை அவர் மணக்கவிருந்தார். வெள்ளைக்காரப் பெண் ஒரு தமிழரை மணப்பதை மிஷன் ஏற்கவில்லை. தமிழருக்கு மருந்து கொடுக்கலாம், தமிழரோடு குடும்பம் நடத்தலாகாது! மேரி திருமணத்தைக் கைவிடவில்லை, நியமனம்தான் போயிற்று.

நியமனம் போனதோடு வைத்தியம் போய்விடவில்லை. கொழும்பில் பெண்களுக்கான லேடி ஹவ்லொக் வைத்தியசாலையில் சிறிது காலம் பணியாற்றிவிட்டுத் தனியாக வைத்தியம் பார்த்தார். பிள்ளைகளையும் வளர்த்தார். தம்மிடம் வந்த தாய்மாரின் நோய்க்குப் பின்னால் அறியாமையும் வறுமையும் இருப்பதைக் கண்டபோது, மருந்துச்சீட்டோடு நிற்க அவருக்கு மனம் வரவில்லை. பாடசாலைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார். 1927இல் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் உழைத்தார். 1931இல் இந்நாட்டுப் பெண்கள் 21 வயதில் வாக்குரிமை பெற்றதில் அவருக்கும் பங்குண்டு. ஒன்ராறியோவில் 1897இல் தொடங்கிய கிராமப் பெண்கள் கழகங்களை மனதிற்கொண்டு 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடக்கினார். குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசியதற்காகக் கடும் ஏச்சும் கேட்டார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். 1958இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 1962இல் காலமானார்.

விருதுகளைச் சொல்வதற்காக இவற்றை அடுக்கவில்லை. தொழிலா, குடும்பமா என்று கேட்டவர்களுக்கு அவர் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தோம்.

அதே கேள்வி எங்களிடமும் கேட்கப்பட்டது. உள்ளகப் பயிற்சிக் காலத்தில், "சத்திரசிகிச்சை படிக்கப் போறீரா, கலியாணம் கட்டப் போறீரா?" என்று மூத்தவர் ஒருவர் எங்களில் ஒருத்தியைக் கேட்டார். இன்னொருத்தி, மகள் முதன்முதலாகப் பாடசாலைக்குப் போன காலையில் பிரசவ விடுதியில் நின்றாள். மகளைக் கைபிடித்து அழைத்துச் சென்றவர் அம்மம்மா. எங்கள் வீட்டுக் கதவுகளைத் திறந்தவர்கள் அம்மாமார், மாமிமார், சில வீடுகளில் கணவன்மார். அவர்கள் இல்லையேல் நாங்கள் இல்லை.

நால்வர் என்று தொடக்கத்தில் சொன்னோம். ஐவராக இருந்திருக்க வேண்டும். எங்கள் எல்லோரிலும் கெட்டிக்காரி ஒருத்தி மருத்துவ பீடத்திற்குத் தெரிவாகி, மூன்றாம் வருடத்தில் திருமணமாகிப் படிப்பை விட்டாள். "விருப்பத்தோடுதான் விட்டாயா?" என்று நாங்கள் எவருமே அவளைக் கேட்கவில்லை. கலியாண வீட்டில் வயிறாரச் சாப்பிட்டு, படமும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். மறித்தவர்களை விட, வாயடைத்திருந்த எங்கள் நால்வர் மீதே எங்களுக்கு இன்று கோபம்.

அவள் இம்மலரைப் படிப்பாள் என்று நம்புகிறோம். படித்தால், இருபது வருடங்கள் பிந்திக் கேட்கும் அக்கேள்விக்காக எங்களை மன்னித்துக்கொள்ளடி. பதில் எதுவாயினும் எங்களுக்கு எழுது.

லண்டன், ரொறொன்ரோ, மெல்பேர்ண், கொழும்பு என்று எங்கும் பரந்திருக்கும் சகோதரிகளே, கட்டடங்களுக்கு நீங்கள் வாரி வழங்குகிறீர்கள். இந்த நூற்றாண்டில் இன்னொன்றையும் கேட்கிறோம். உயர்தரம் முடித்து வெளியேறும் ஒவ்வொரு மாணவிக்கும் ஓர் அக்காவின் தொலைபேசி இலக்கத்தைச் சங்கம் கொடுக்கட்டும். படிப்பை விடும்படி வீடோ, வேலைத்தலமோ சொல்லும் நாளில் அவள் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கட்டும். பெற்றாருடன் பேச, விண்ணப்பம் நிரப்ப, குழந்தையை இரண்டு மணித்தியாலம் பார்த்துக்கொள்ள எங்களில் ஒருத்தி வரட்டும். முதல் நான்கு இலக்கங்களை இன்று மாலையே செயலாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் போகிறோம்.