குழந்தைகளுக்கு மழையைக் கற்பித்தல்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றியே இத்தகைய முகாம்களில் நாம் பேசுவது வழக்கம். இன்று பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச விழைகிறோம். ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மழையைப் பற்றி எவ்வாறு கற்பிப்பது என்பதே பொருள். அது ஆசிரியரின் பணியல்லவா, ஊராட்சிக்கு அதில் என்ன வேலை என்று தாங்கள் கேட்கலாம். வேலை உண்டு, சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

வகுப்பறைச் சுவரில் ஒரு படம் தொங்குவதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். கடல், சூரியன், மேகம், மலை, ஆறு, மீண்டும் கடல் என அம்புக்குறிகள் வட்டமிடும். படத்தில் பிழையில்லை. ஆனால் அதில் நம் ஊர் இல்லை. செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்ப் பிள்ளைக்கு ஏரி தெரியும். மதகும் கலங்கலும் தெரியும். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஊர் ஏரிக்கு நீர் செல்லும் என்பதும் தாத்தா சொல்லத் தெரியும். தெரிந்ததிலிருந்து தொடங்குவதே முறை.

நீர் ஆவியாவதைக் காட்டக் கருவி எதுவும் வேண்டியதில்லை. சத்துணவுக் கூடத்தில் சோறு வெந்ததும் மூடியைத் திருப்பிக் காட்டினால் போதும். சூடுபட்ட நீர் ஆவியாகி எழுந்து, குளிர்ந்த மூடியில் பட்டுத் துளியாகிறது. வானில் மூடியில்லையே என்று எந்தக் குழந்தையாவது கேட்கும். மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்கிறது, கண்ணுக்குப் புலப்படாத தூசியைப் பற்றிக்கொண்டு ஆவி துளியாகிறது என்று விடை கூறலாம். கடல்நீர் உப்பாயிருக்க மழைநீர் ஏன் உப்பில்லை என்ற கேள்வியும் எழும். இதற்கு மரக்காணத்து உப்பளங்களைக் காட்டிலும் நல்ல விடை இல்லை. அங்கே வெயில் நீரை மட்டுமே எடுத்துச் செல்கிறது. உப்பு பாத்தியிலேயே தங்கிவிடுகிறது. வங்கக் கடலிலும் அவ்வாறே. அங்கிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் வடகிழக்குப் பருவக்காற்றே நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருகிறது.

அடுத்து, அளவு. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான பாத்திரம் ஒன்றை, மரமும் கூரையும் மறைக்காத வெளியில் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவுகோலால் நீரின் உயரத்தை அளந்து எழுதிவிட்டு, நீரைக் கொட்டிவிட வேண்டும். வானிலைத் துறையினர் அளப்பதும் அந்நேரத்தில்தான். ஒரு மில்லிமீட்டர் மழையென்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர் விழுந்தது என்று பொருள். 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட பள்ளிக் கட்டடத்தின் மேல் 25 மில்லிமீட்டர் பெய்தால் 1,500 லிட்டர். அதாவது 15 லிட்டர்க் குடத்தில் 100 குடம்! இதைக் கேட்டு வாய் பிளக்காத குழந்தையை நாங்கள் கண்டதில்லை. உழவர்களுக்கும் ஒரு கணக்குச் சொல்லிவிடுகிறோம்: அதே மழையில் ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் விழுவது ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல்.

அவ்வளவு நீரும் எங்கே போயிற்று? இங்கேதான் ஊராட்சிக்கு வேலை வருகிறது.

எங்கள் வட்டாரத்து ஊர் ஒன்றில், ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுடன் நாங்களும் நடந்தோம். பள்ளி முற்றத்தில் தேங்கிய நீரிலிருந்து புறப்பட்டு, அது ஓடும் வழியே நாமும் செல்வது என்பது ஏற்பாடு. தெருவோரம், புளியமரத்தடி, பிறகு ஏரியின் வரத்துக்கால். பிள்ளைகள் காய்ந்த இலைகளை நீரில் விட்டு உடன் ஓடினர். ஓரிடத்தில் இலைகள் நின்றுவிட்டன. குறுக்கே ஒரு சாலை. நீர் அதைத் தாண்ட வழியின்றிப் பக்கத்து நிலக்கடலைக் கொல்லையில் ஏறி நின்றது. “ஏரிக்குப் போற தண்ணிக்கு வழி யாரு சார் அடைச்சது?” என்று ஒரு சிறுமி கேட்டாள். உடன் வந்த பெரியவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்தனர். சாலையைப் போட்டது எங்கள் அலுவலகம். மதிப்பீட்டில் சிறுபாலம் சேர்க்கப்படவில்லை. அதில் கையொப்பமிட்டவர்களும் நாங்களே. கொல்லைக்காரர் இருமுறை மனு கொடுத்திருந்தார் என்பதும் அன்றுதான் எங்கள் கவனத்துக்கு வந்தது. “நாங்கள்தான் அடைத்தோம், திறந்துவிடுகிறோம்” என்று அக்குழந்தையிடம் கூறினோம். அதைவிடக் கடினமான விடையை எந்தத் தணிக்கையிலும் நாங்கள் கூற நேர்ந்ததில்லை.

தங்கள் ஊரிலும் பிள்ளைகள் இவ்வாறு நடந்தால் ஏதேனும் ஓரிடத்தில் இலை நிற்கக்கூடும். அங்கே குப்பைமேடு இருக்கலாம். உறுப்பினர் ஒருவரின் வேலியே இருக்கலாம். குழந்தை கேட்கும்போது அதட்டி அனுப்பிவிடாதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். அதட்டினால் அப்பாடம் அத்துடன் முடிந்துவிடும்.

படம் விட்டுவிடும் இன்னொன்று, நிலத்தடி நீர். கிணற்றுக் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சிட்டு, பெரியவர் ஒருவர் அளந்து சொல்ல, பிள்ளைகள் வாரந்தோறும் குறித்து வரட்டும். மழை பெய்த அன்றே கிணறு உயராமல், பல நாள் கழித்து மெல்ல உயர்வதைக் காண்பார்கள். மண்ணுக்குள் நீர் நடக்கும் வேகம் அவ்வளவுதான். இடி இடிக்கும் நேரத்தில் எவரையும் வெளியே விடலாகாது என்பதையும், ஏரி நிரம்பும் நாட்களில் கரைப்பக்கம் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாகாது என்பதையும் சொல்லத் தேவையில்லை. ஆயினும் சொல்லி வைக்கிறோம்.

உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. அன்று பள்ளியின் மழைக் குறிப்பேட்டைக் குழந்தைகளைக் கொண்டே சபையில் படிக்கச் செய்யுங்கள். நாங்கள் குறிப்பிட்ட ஊரில் அவ்வாறு படித்தார்கள். மழையளவுகளுக்குப் பின், தடைபட்ட இடங்கள் என்ற தலைப்பில் முதலாவதாக இருந்தது எங்கள் சாலை. சிறுபாலத்துக்கான தீர்மானம் அக்கூட்டத்திலேயே நிறைவேறிற்று. ஆவணி முடிவதற்குள் குழாய்கள் பதிக்கப்பட்டன.