கல் தீருமுன் திட்டம்: மாநாட்டுத் தலைமை உரை



2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்குச் சுமார் 11 பேரே நகரவாசிகளாக இருந்த அரியலூர் மாவட்டத்தில் புறநகர்ச் சரிவைப் பற்றி ஆராய்வது பொருந்துமா என்ற ஐயம் எழக்கூடும். ஆயினும் நகரமாக அறிவிக்கப்படுமுன்பே நகரத்தின் சுமைகளை ஏற்றுவிட்ட ஊர்கள் இங்கு பல உள்ளன. மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனம், அதாவது இன்றைய ராம்கோ, 1997இல் ஆலை நிறுவிய ஆலத்தியூர் அவற்றுள் ஒன்று.

புறநகர்ச் சரிவு என்பது, நகரை ஒட்டி எழுந்த குடியிருப்புகளிலிருந்து வசதி படைத்தோர் இன்னும் வெளியே நகர, வரி வருவாய் குறைந்து, சாலையும் பள்ளியும் குடிநீரும் நலிந்து, எஞ்சியோர் ஏழைகளாகவே நிற்கும் நிலையாகும். அமெரிக்காவின் பழைய தொழில் நகரங்களைச் சூழ்ந்த உள்வட்டப் புறநகர்கள் பல இவ்வாறு தளர்ந்தன. இதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்டதே சீர்மிகு வளர்ச்சி. விளைநிலத்தை விழுங்கிப் பரவாமல், இருக்கும் ஊருக்குள்ளேயே வீடு, வேலை, போக்குவரத்து ஆகியவற்றைச் செறிவாக அமைப்பது அதன் சாரம். மேரிலாந்து மாநிலம் 1997இல் இதைச் சட்டமாக்கி, வளர்ச்சிக்கான அரசு நிதியை வரையறுத்த பகுதிகளுக்கே முதன்மையாக வழங்கியது. தமிழ்நாட்டில் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் விதித்த தடையும், விளைநிலங்கள் ஒழுங்கின்றி மனைகளாவதைக் கட்டுப்படுத்தும் நோக்குடையதே.

இம்மண்ணுக்கு மிக நெருக்கமான பாடத்தைத் தருவது கோலார் தங்கவயல். தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பால் செழித்து, 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற அந்நகரம், 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டதும் வேலையிழந்து, உள்ளூரில் மாற்றுத் தொழில் இல்லாமையால் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் ஊராயிற்று. அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகளின் மூலப்பொருளான சுண்ணாம்புக்கல்லும் தங்கத்தைப் போலவே தோண்டத் தோண்டத் தீர்வது. கடலடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் படிந்த அக்கல்லை மீண்டும் உண்டாக்க எந்த ஆலையாலும் இயலாது. ஆகவே சுரங்கம் இயங்கும் காலத்திலேயே சுரங்கத்துக்குப் பிந்தைய ஊரைத் திட்டமிடுவதே அறிவுடைமை.

அதற்கான கருவிகள் கைவசமே உள்ளன. அரசியலமைப்பின் 243 இசட்டி பிரிவு, ஊராட்சிகளின் திட்டங்களையும் நகராட்சிகளின் திட்டங்களையும் ஒருங்கிணைக்க மாவட்டத் திட்டக் குழுவை அமைக்கப் பணிக்கிறது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோருக்கென 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் உருவாக்கிய மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு, குத்தகைதாரர் அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையின் ஒரு பங்குக்கு ஈடான தொகை தனியே சேர்கிறது. அந்நிதி துண்டு துண்டான கட்டடங்களாகச் சிதறாமல், அரியலூர், செந்துறை ரயில் நிலையங்களை ஒட்டிய செறிவான குடியிருப்புகளாகவும், தொழிற்பயிற்சிக் கூடங்களாகவும், கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளைப் பாதுகாப்பான நீர்த்தேக்கங்களாக்கும் பணிகளாகவும் மாற வேண்டும்.

எனவே இம்மாநாட்டில் அளிக்கப்படும் ஆய்வுரைகள் ஊராட்சி மன்றங்களுக்கும் விளங்கும் தமிழில் அமைந்து, கிராம சபைகளில் விவாதிக்கப்பட்டு, மாவட்டத் திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்பதே இத்தலைமை உரையின் வேண்டுகோள்.