இராயபுரமும் ஓர் எட்டாம் வகுப்புக் கேள்வியும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கரியாலூரில் நான் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பலர் ரயிலைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமானால் மலையிறங்கி, கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி கடந்து சின்னசேலம் வரை போக வேண்டும்.

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடியது. நமக்கு அது ஒரு மதிப்பெண் வினா. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அந்த மொத ஸ்டேஷன் இன்னும் இருக்குதா சார்?" என்றாள். "இருக்குதும்மா, பம்பாயில" என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் சொன்னதுதான்.

கோடை விடுமுறையில் உறவினர் வீட்டுக்குப் போக, சென்னைக் கடற்கரை நிலையத்தில் மின்சார ரயிலேறி அடுத்த நிறுத்தமான இராயபுரத்தில் இறங்கினேன். கூட்டம் அதிகமில்லாத சிறிய நிலையம். ஆனால் அந்தக் கட்டடத்தின் உயர்ந்த தூண்கள் நிற்க வைத்தன. விசாரித்துப் படித்த பிறகுதான் என் தவறு தெரிந்தது. பம்பாயிலும் தாணாவிலும் முதலில் எழுந்த நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. நாட்டில் இன்றும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் இராயபுரம்தான். 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ 100 கி.மீ., தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவை தொடங்கியது. 1873இல் சென்ட்ரல் வந்தது. இராயபுரத்தின் மவுசு குறைந்தது.

பள்ளி திறந்ததும் வகுப்பில், "நான் சொன்னது தப்பு" என்றேன். சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "தண்டவாளத்துக்கு அடியில கட்டை போட்டிருக்காங்களே, அத்தனை மரத்தை எங்க சார் வெட்டுனாங்க?"

மலையில் பிறந்த பிள்ளைக்கு வரும் கேள்வி அது. அதே 1856இல்தான் சென்னை மாகாணம் கிளெக்ஹார்னை வனப் பாதுகாவலராக நியமித்தது. ரயில்பாதைக் கட்டைகளுக்கும் எஞ்சின் விறகுக்கும் காடுகள் வேகமாக அழிந்ததும் அதற்கு ஒரு காரணம். பின்னர் 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடு யாருடையது என்ற பேச்சு எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் இன்றும் ஓயவில்லை. நானோ, ரயிலை ஒரு பாடத்திலும் காட்டை வேறொரு பாடத்திலும் வைத்து, இரண்டும் ஒன்றையொன்று பாராமலே பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன்!

இந்த ஆண்டு வகுப்பைச் சின்னசேலம் நிலையத்துக்கு அழைத்துப்போக அனுமதி கேட்டிருக்கிறோம். அந்த மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஆனாலும் வருவேன் என்கிறாள். இப்போதெல்லாம் கட்டை கான்கிரீட் என்று சொல்லிவிட்டேன். நேரில் பார்த்தால்தான் நம்புவாளாம்.